நெளியாத கோடு

எங்கள் மருந்துக் கிடங்கின் பேக்கிங் கூடத்துச் சுவரில் ஒரு பெரிய திரை மாட்டியிருக்கிறது. அதில் ஒரு பச்சைக் கோடு இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டே இருக்கும். சர்வருக்கு வரும் தகவல் துணுக்குகளில் எத்தனை கீழே விழுந்து தொலைந்தன என்று சொல்வதுதான் அந்தக் கோட்டின் வேலை. பல மாதங்களாக அது சொல்வது ஒன்றே ஒன்றுதான். பூஜ்ஜியம். ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி, ஒரு நெளிவு இல்லாமல், பூஜ்ஜியம்.

அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்க வைத்துத்தான் பேக்கிங் அக்கா என்னை தினமும் வறுத்தெடுப்பார்.

“உங்க திரையில எல்லாம் நல்லாத்தான் இருக்கு. என் கையில இருக்கறதுதான் செத்துக் கிடக்கு. இந்த ஸ்கேனரை உங்க திரையிலயே ஒட்டி வெச்சுடுங்க, அங்கயாவது வேலை செய்யுதான்னு பாப்போம்.”

அவர் அந்தக் கூடத்தின் மேற்பார்வையாளர். வயதில் என்னைவிடப் பெரியவர், குரலில் அதைவிடப் பெரியவர். அவர் சொல்வதில் பொய் கிடையாது. காலையில் ஆர்டர் குவியும் நேரம் வந்தால் கூடத்தில் இருக்கும் ஸ்கேனர்கள் எல்லாம் ஒரே சமயத்தில் உறைந்துபோகும். மருந்துப் பெட்டியைக் காட்டினால் பீப் சத்தம் வராது. கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே உயிர் வரும். அதற்குள் வெளியே வண்டிகள் வரிசை கட்டிவிடும், ஓட்டுநர்கள் ஹாரனை அமுக்குவார்கள், மேலாளர் தன் கண்ணாடி அறையிலிருந்து இறங்கி வருவார். வந்தவர் முதலில் பச்சைக் கோட்டைப் பார்ப்பார். “சர்வர் நல்லாத்தானே இருக்கு” என்பார். பிறகு தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்ப்பார்.

கூரையில் இருப்பது என் மாப்பிள்ளை போட்ட கேபிள்.

மாப்பிள்ளை என்றால் என் தங்கச்சியின் கணவர். நாலு பேருக்கு முன்னால் ‘நீங்க’, தனியாக இருந்தால் ‘நீ’. கேபிள் போடுவதுதான் அவருக்குத் தொழில். எங்கள் குழுமத்துக்கு இருக்கும் கிடங்குகளில் பாதிக்கு மேல் அவர் கை பட்ட கூரைகள்தான். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் மாப்பிள்ளை முறுக்கு என்று ஒன்றை நான் பார்த்ததே இல்லை. முறுக்கு அத்தனையையும் கம்பியில் காட்டிவிடுவார் போல. எட்டுக் கம்பிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, நிறம் பார்த்து அடுக்கி, பிளக்கில் செருகி அழுத்தி, பிறகு ஒவ்வொரு கேபிளையும் டெஸ்டரில் மாட்டிப் பார்ப்பார். எட்டு விளக்கும் பச்சையாக எரிந்தால்தான் அடுத்த கேபிளைத் தொடுவார். சாப்பிடக் கூப்பிட்டாலும் நடுவில் எழுந்து வர மாட்டார். தங்கச்சிக்கு அதில் எப்போதும் ஒரு குறை உண்டு.

ஸ்கேனர்கள் பேசுவது கூரையில் தொங்கும் வைஃபை பெட்டிகளோடு. அந்தப் பெட்டிகளிலிருந்து சர்வர் அறை வரைக்கும் போவது அவருடைய கேபிள். சர்வர் பக்கம் பூஜ்ஜியம் என்றால் கோளாறு கேபிள் பக்கம்தானே. இதுதான் மேலாளரின் கணக்கு. கேட்க நன்றாகத்தான் இருந்தது, அதுதான் எரிச்சலே. அந்தக் கணக்கை நம்பி மாப்பிள்ளை முதலில் ஒரு தடவை பிளக்குகளை எல்லாம் மாற்றினார். சரியாகவில்லை. இரண்டாம் தடவை நீளமான கேபிள்களைப் புதிதாகவே இழுத்தார். அப்போதும் சரியாகவில்லை. மூன்றாவதாக, மேலாளர் அவரைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். நானும் உடனிருந்தேன்.

“மொத்தத்தையும் பிடுங்கிட்டுப் புதுசாப் போடுங்க. பழைய கேபிள் ஒரு முழம்கூட மேல இருக்கக் கூடாது. வெட்டிக் கீழ போடுங்க, நான் கண்ணால பாக்கணும். அதுக்கப்புறமும் இதே நிலைமைன்னா, நம்ம குழுமத்துல எந்தக் கிடங்குலயும் உங்களுக்கு வேலை கிடையாது.”

மாப்பிள்ளை தலையை ஆட்டினார். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

“சார், முன் ஆபீஸ்ல இருக்கற கம்ப்யூட்டர்களும் அதே நேரத்துலதான் நிக்குது. அதுக்கும் இவர் கேபிளுக்கும் சம்பந்தமே இல்ல. அது கட்டடம் கட்டினப்பவே போட்டது.”

“உங்க தங்கச்சி வீட்டுக்காரர்னு தெரியும்” என்றார் மேலாளர். குரலில் கோபம் இல்லை, அனுதாபம் இருந்தது. அதுதான் இன்னும் மோசம். “நீங்க வேற என்னதான் சொல்வீங்க. கிராஃபுக்கு யாரும் சொந்தக்காரங்க இல்ல பாருங்க. அது சொல்றதைத்தான் நான் கேக்க முடியும்.”

என் வாயை இதைவிட மரியாதையாக யாரும் அடைத்ததில்லை.

நான் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவன். லினக்ஸ் சர்வர்களோடு குப்பை கொட்டியே எனக்குப் பாதி மண்டை நரைத்துவிட்டது. எனக்குத் தெரிந்த ஒன்று உண்டு. ஆட்கள் புழங்கும் எந்த நெட்வொர்க்கிலும் கோடு கொஞ்சமாவது நெளியும். ஒரு துணுக்கு விழும், ஒன்று தடுக்கும், யாரோ ஒருவர் ஸ்கேனரைக் கீழே போடுவார். ஒன்றுமே விழாத நெட்வொர்க் என்றால் ஒன்று அதில் யாருமே இல்லை, அல்லது விழுவதை யாருமே பார்க்கவில்லை. பழைய கிராஃபுகளை எடுத்துப் பார்த்தேன். போன வருஷம் கோட்டில் சின்னச் சின்னப் பற்கள் இருந்தன. ஒரு குறிப்பிட்ட நாளுக்குப் பிறகு திடீரென்று பொக்கை வாய்.

அந்த நாள் எது என்று எனக்கு நன்றாகவே நினைவிருந்தது. அன்றைக்குத்தான் எங்கள் பாதுகாப்பு அதிகாரி எல்லா சர்வர்களிலும் அனுமதிகளை இறுக்கினார்.

அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் சாவிக்கொத்து. கெட்ட மனிதர் இல்லை. ரூட் என்பது லினக்ஸ் சர்வரில் எல்லா அறைக்கும் சாவி வைத்திருக்கும் கணக்கு. முன்பெல்லாம் அந்தச் சாவி எங்கள் எல்லோரிடமும் இருந்தது. ஒருத்தன் கை தவறி ஒரு மாதத்து ஆர்டர்களை மொத்தமாக அழித்துத் தொலைத்தான். அதற்குப் பிறகு இவர் வந்தார், சாவிகளை எல்லாம் வாங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். நியாயம்தான். ஆனால் வாங்கும்போது யாரிடம் எந்தச் சாவி இருந்தது, எதற்காக இருந்தது என்று ஒருவரையும் கேட்கவில்லை. அந்த ஆண்டுக் கூட்டத்தில், “இறுக்கத்துக்கு அப்புறம் ஒரு துணுக்குகூட விழல” என்று மேலாளர் சொல்ல, எல்லோரும் கை தட்டினார்கள். நானும்தான் தட்டினேன். பக்கத்தில் இருப்பவர்கள் தட்டும்போது சும்மா இருக்க முடியுமா.

கோட்டுக்கு எண்ணைக் கொண்டுவந்து கொடுப்பது ஒரு ஸ்கிரிப்ட், நாலைந்து வரிக் குட்டி நிரல். அதை எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார். அதை மாற்ற எனக்கு அனுமதி இல்லை, படிக்க இருந்தது. உட்கார்ந்து படித்தேன்.

சர்வர் தன் நினைவில் ஒரு அட்டவணை வைத்திருக்கும். யார் யார் தன்னோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒவ்வொரு பேச்சையும் அதில் குறித்துக்கொள்ளும். அட்டவணை நிரம்பிவிட்டால், புதிதாக வருகிறவனை ஒரு வார்த்தை பேசாமல் வெளியே தள்ளிவிடும். இப்படி எத்தனை பேரைத் தள்ளினாய் என்று கேட்டால் அது ரூட்டுக்கு மட்டும்தான் பதில் சொல்லும். ஸ்கிரிப்டை ஓட்டுவதோ மானிட்டர் என்ற ஒரு சாதாரணக் கணக்கு. முன்பு அந்தக் கணக்குக்கு இந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்கத் தனி அனுமதி இருந்திருக்க வேண்டும். இறுக்கத்தில் அது போயிருக்க வேண்டும்.

போனால் போகட்டும், ‘அனுமதி இல்லை’ என்றாவது அது வந்து சொல்லியிருக்கலாம். எழுதிய மகராசன் பிழைச் செய்திகள் திரையை அடைக்கின்றன என்று அவற்றை எல்லாம் குப்பையில் கொட்டச் சொல்லியிருந்தார். மீதி என்ன வருகிறதோ அதைக் கூட்டச் சொல்லியிருந்தார். ஒன்றும் வரவில்லை. ஒன்றும் வராததைக் கூட்டினால் பூஜ்ஜியம். கடைக்குப் போனவன் கடை மூடியிருக்கிறது என்று சொல்லாமல், சாமான் விலை பூஜ்ஜியம் என்று வந்து சொன்ன கதை. நாங்கள் அதற்குப் பச்சைச் சாயம் பூசிச் சுவரில் மாட்டியிருந்தோம்.

நேராகச் சாவிக்கொத்திடம் போனேன்.

“சார், ஒரு அஞ்சு நிமிஷத்துக்கு ரூட் அனுமதி வேணும்.”

“எதுக்கு?”

“சர்வர் துணுக்குகளைத் தள்ளுதான்னு பாக்க.”

“தள்ளுதுங்கறதுக்கு என்ன ஆதாரம்?”

“அதைப் பாக்கத்தான் சார் அனுமதி கேக்கறேன்.”

“ஆதாரம் இல்லாம குடுக்க முடியாது. விதி அப்படி. கோடு பூஜ்ஜியம்னு காட்டுதே.”

“கோடு பொய் சொல்லுதுங்கறதுதான் சார் என் புகாரே.”

“அதுக்கு ஆதாரம்?”

நான் என் கணக்கிலிருந்து அதே கேள்வியை, பிழையைக் குப்பையில் கொட்டாமல், அவர் கண் முன்னால் கேட்டுக் காட்டினேன். ‘அனுமதி இல்லை’ என்று பளிச்சென்று வந்தது.

“உங்களுக்கு அனுமதி இல்லதான்” என்றார் அவர், திருப்தியோடு. “சரியாத்தான் சொல்லுது. ஆனா ஸ்கிரிப்டை ஓட்டறது நீங்க இல்லையே, மானிட்டர் கணக்கு.”

“மானிட்டரும் இதே பதிலைத்தான் வாங்குது சார். அந்தக் கணக்குக்குள்ள போய்ப் பாத்தா தெரிஞ்சுடும்.”

“அந்தக் கணக்குக்குள்ள போக உங்களுக்கு அனுமதி இல்ல.”

“நீங்க போய்ப் பாருங்க.”

“புகார் டிக்கெட் போடுங்க, பாக்கறேன்.”

டிக்கெட் போட்டேன். ‘ஆதாரம் இணைக்கப்படவில்லை’ என்று திரும்பி வந்தது. பழைய கிராஃபையும் புதிய கிராஃபையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பல் இருந்த வாயையும் பொக்கை வாயையும் காட்டி, மறுபடி போட்டேன். இந்தத் தடவை மேலாளரே பதில் எழுதினார். இறுக்கத்துக்குப் பிறகு நெட்வொர்க் மேம்பட்டிருப்பதை இது தெளிவாகக் காட்டுகிறதாம், நன்றியாம். அதைப் படித்துவிட்டு எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன். குடித்துவிட்டு வந்து மறுபடி படித்தேன். நன்றி அப்படியேதான் இருந்தது.

அன்று சாயங்காலம் தங்கச்சி போன் பண்ணினாள். “அண்ணா, கொஞ்சம் வந்துட்டுப் போறியா? அவர் ஒரு மாதிரியா இருக்கார்.”

போனேன். மாப்பிள்ளை கூடத்துத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் துண்டுக் கேபிள்கள், பிளக்குகள், கத்தரித்த கம்பி நுனிகள். ஒரு பிளக்கைப் போட்டு டெஸ்டரில் மாட்டினார். எட்டு விளக்கும் எரிந்தன. வெட்டி எறிந்துவிட்டு இன்னொன்றைப் போட்டார். அதிலும் எரிந்தன. அதையும் வெட்டினார்.

“வந்ததுலேருந்து இதேதான்” என்றாள் தங்கச்சி. “நேத்து வீட்டுல இருக்கற ஒயரை எல்லாம் கழட்டிக் கழட்டி மாட்டினார். டிவி ஓடல, ஃபேன் ஓடல. பசங்க ரெண்டும் அழுதுட்டுத் தூங்கிப்போச்சு.”

“சும்மா இரு” என்றார் அவர். அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். “மச்சான், என் கை போயிடுச்சான்னு தெரியல. போடறப்ப நல்லாத்தான் இருக்கு. மேல ஏத்தினதும் எப்படிக் கெட்டுப்போகுது? எங்கயோ தப்புப் பண்றேன், எனக்கே தெரியாம பண்றேன்.”

“உன் கைக்கு ஒண்ணும் ஆகல மாப்ள. தப்பு எங்க சர்வர்ல இருக்கு.”

“கோடு பூஜ்ஜியம்னுதானே காட்டுது?”

“கோடு கண்ணை மூடிக்கிட்டுக் காட்டுது.”

“மச்சான்கிறதுக்காகச் சொல்லாத.” அவர் இன்னொரு கேபிளை எடுத்தார். ஆரஞ்சுக் கம்பி விரலிலிருந்து நழுவிப்போனது. அதை நான் பார்த்துவிடக் கூடாது என்று கையை மடியில் வைத்துக்கொண்டார்.

தங்கச்சி வாசல் வரைக்கும் வந்தாள். “உண்மையைச் சொல்லுண்ணா. இந்த வேலை போனா வேற வேலை பாத்துக்கலாம். ஆனா அவருக்கு அவர் மேலயே நம்பிக்கை போயிடுச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?”

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. ஒரு மனுஷன் வருஷக்கணக்காகச் சம்பாதித்த கையை ஒரு பூஜ்ஜியம் பிடுங்கிக்கொண்டிருந்தது. அதுவும் பூஜ்ஜியமே இல்லாத பூஜ்ஜியம்.

வெள்ளிக்கிழமை பேக்கிங்கும் முன் ஆபீஸும் அரை நாள்தான். மதியத்துக்கு மேல் கூடம் காலி. அப்போது கேபிளைப் பிடுங்க ஆரம்பித்தால் திங்கட்கிழமைக்குள் புதியதைப் போட்டு முடிக்கலாம் என்பது ஏற்பாடு. அதே மதியம் இது சம்பந்தமாகக் கண்ணாடி அறையில் ஒரு கூட்டம். நான் கெஞ்சிக் கூத்தாடிப் பேச இடம் வாங்கியிருந்தேன். உள்ளே போகும் முன் மாப்பிள்ளையைப் பிடித்தேன்.

“கூட்டம் முடியற வரைக்கும் மேல கை வைக்காத. நான் போன் பண்றேன்.”

“சரி மச்சான்” என்றார்.

கூட்டத்தில் மேலாளர், சாவிக்கொத்து, பேக்கிங் அக்கா, நான். அறையின் திரையில் அதே பச்சைக் கோடு ஓடிக்கொண்டிருந்தது. நான் சொல்ல வேண்டியதை எல்லாம் வரிசையாகச் சொன்னேன். ஸ்கேனர்களின் எண்ணிக்கையை இந்த வருஷம் இரட்டிப்பாக்கினோம், அட்டவணையின் அளவோ பழையது. காலை நேரத்தில் அது நிரம்புகிறது. நிரம்பினால் தள்ளுகிறது. தள்ளுவதை எண்ணுகிற ஸ்கிரிப்டுக்கு எண்ண அனுமதி இல்லை.

“ஆக, ஸ்கிரிப்ட் கெட்டுப்போச்சுன்னு சொல்றீங்க” என்றார் மேலாளர்.

“கெட்டுப்போகல சார். அதுக்குக் கதவைத் திறந்து விடல.”

“ஒண்ணும் இல்ல சார்” என்றார் சாவிக்கொத்து. நான் அவருடைய இறுக்கத்தைக் குறை சொன்னது அவருக்கு உறைத்துவிட்டது. காது மடல் சிவந்திருந்தது. “இவர் பல நாளா இதையேதான் சொல்றார். ஸ்கிரிப்ட் நல்லாத்தான் இருக்குன்னு நானே ஓட்டிக் காட்டிடறேன். ஒரு நிமிஷம்.”

தன் மடிக்கணினியைத் திரையில் இணைத்தார். பச்சைக் கோடு மறைந்து கறுப்புத் திரை வந்தது. தன் கணக்கிலேயே ஸ்கிரிப்டை ஓட்டினார். எல்லாச் சாவியும் இடுப்பில் இருக்கிற மனுஷன். அவருக்கு எந்தக் கதவும் பூட்டியிருந்ததே இல்லை, அதனால் பூட்டு என்று ஒன்று இருப்பதையே அவர் யோசிக்கவில்லை. தட்டிய மாத்திரத்தில் பதில் வந்தது.

“பாத்தீங்களா. ஒரு பிழையும் இல்ல. எண் வந்துடுச்சு. ஸ்கிரிப்ட் வேலை செய்யுது.”

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

“அது என்ன எண்?”

சாவிக்கொத்து அப்போதுதான் திரையைத் திரும்பிப் பார்த்தார். ஆறு இலக்கம். சர்வரைக் கடைசியாக நிறுத்தித் தொடங்கியதிலிருந்து அது வெளியே தள்ளிய பேச்சுகளின் மொத்தக் கணக்கு. சுவரில் ஓடும் கோடு வரைவது அந்த மொத்தத்தில் நிமிஷத்துக்கு நிமிஷம் கூடுவதை மட்டும். அவர் மறுபடி ஓட்டினார். அதே எண். இன்னொரு தடவை ஓட்டினார், ஏதோ கெஞ்சுவது போல. எண் அசையவில்லை.

“இதுதான் பூஜ்ஜியமா?” என்று கேட்டார் பேக்கிங் அக்கா.

எனக்கு அந்த இடத்தில் கை தட்ட வேண்டும்போல இருந்தது. ஆண்டுக் கூட்டத்தில் தட்டினது போதும் என்று அடக்கிக்கொண்டேன். சாவிக்கொத்து மானிட்டர் கணக்குக்குள் போனார். அதே ஸ்கிரிப்ட். பூஜ்ஜியம். பிழையைக் கொட்டும் வரியை எடுத்துவிட்டு ஓட்டினார். ‘அனுமதி இல்லை.’ நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. அந்த ஒரு கேள்விக்கான அனுமதியை அவர் மானிட்டருக்குத் திருப்பிக் கொடுத்தார். எனக்கும் ரூட்டைத் திறந்துவிட்டார், ஆதாரம் கேட்கவில்லை. நான் அட்டவணையின் அளவை நான்கு மடங்கு ஆக்கினேன். இத்தனை மாதத்து வேலை ஒரே வரிதான். மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“சரி, கேபிளை மாத்த வேண்டாம்னு சொல்லிடுங்க.”

போனை எடுத்தேன். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை.

“அவர் ஏற்கெனவே ஆரம்பிச்சிருப்பாரே” என்றார் மேலாளர், கதவைப் பார்த்தபடி. “கூட்டம் சும்மா ஒரு சம்பிரதாயம், நீங்க பாட்டுக்குத் தொடங்குங்கன்னு நான்தான் சொன்னேன்.”

நான் ஓடினேன். படிக்கட்டில் காலை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.

கூடத்தின் நடுவில் ஏணி நின்றது. கூரைப் பலகைகள் வரிசையாகத் திறந்து கிடந்தன. கீழே தரையில் நீலக் கேபிள் மலையாகக் குவிந்திருந்தது. எல்லாம் வெட்டப்பட்டு, முழம் முழமாக. மேலாளர் கண்ணால் பார்க்க வேண்டும் என்று சொன்னாரே, பார்ப்பதற்கு வசதியாக ஒழுங்காகத்தான் அடுக்கியிருந்தார். மாப்பிள்ளை ஏணியின் உச்சியில் இருந்தார். வைஃபை பெட்டிகள் எல்லாம் விளக்கு அணைந்து தொங்கின. கடைசிக் கேபிளும் கையில் தொங்கிக்கொண்டிருந்தது, வெட்டியாகிவிட்டது.

“மாப்ள” என்றேன்.

எனக்குப் பின்னால் மற்றவர்களும் வந்து நின்றார்கள். மேலாளர் குவியலைப் பார்த்தார், பிறகு பழக்கதோஷத்தில் சுவர்த் திரையைப் பார்த்தார். கோடு பச்சையாக, நேராக ஓடிக்கொண்டிருந்தது. பூஜ்ஜியம். இந்தத் தடவை அது பொய் இல்லை. நெட்வொர்க்கில் ஒரு ஆள்கூட இல்லை, விழுவதற்கு ஒரு துணுக்குகூட இல்லை. மேலாளரின் முகம் தெளிந்தது. சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துத் திரையை ஒரு படம் பிடித்தார்.

“மேல அனுப்பணும்” என்றார். “கேபிள் மாத்தியாச்சு, சர்வர்லயும் ஒரு சின்ன திருத்தம், பிரச்சினை தீந்துதுன்னு போட்டுடலாம். ரெண்டும் ஒரே நாள்ல நடந்திருக்கு. எதனாலன்னு யார் பிரிச்சுப் பாக்கப்போறாங்க.”

“நான் பாப்பேன்” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. “கேபிள்ல ஒரு தப்பும் இல்லன்னு போடுங்க. இல்லன்னா அந்த ஆறு இலக்க எண்ணைப் படம் பிடிச்சு நானே அனுப்பறேன்.”

“கோபப்படாதீங்க. உங்க சொந்தக்காரர்னு…”

“நான் சொந்தக்காரன் இல்ல” என்றார் சாவிக்கொத்து.

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அவர் மேலாளரைப் பார்க்கவில்லை, ஏணியின் உச்சியைப் பார்த்துப் பேசினார்.

“கேபிள் நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் அந்த அனுமதியை எடுத்துட்டேன். எடுத்ததை யார்கிட்டயும் கேக்கல. இதை எழுதி நான் கையெழுத்துப் போடறேன் சார். புதுக் கேபிளும் ஆபீஸ் கணக்குலதான்.”

மேலாளர் போனைப் பைக்குள் வைத்தார். பேக்கிங் அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “இறங்கி வாங்க, டீ சொல்றேன்” என்றார்.

ஜெயித்துவிட்டோம். அப்படித்தான் நினைத்தேன். மாப்பிள்ளை ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். சிரிப்பார் என்று பார்த்தேன். அவர் குவியலின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, ஒரு துண்டை எடுத்து நுனியைத் தடவினார். அதில் அவர் போட்ட பிளக் அப்படியே இருந்தது.

“வெட்டறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணையும் டெஸ்டர்ல மாட்டிப் பாத்தேன் மச்சான்” என்றார் மெதுவாக. நாலு பேர் நிற்பதையெல்லாம் அவர் பார்க்கவில்லை. “எது கெட்டதுன்னு கண்டுபிடிச்சுட்டா மனசு ஆறுமேன்னு பாத்தேன். எல்லாத்துலயும் எட்டு விளக்கும் பச்சையா எரிஞ்சுது.”

“அப்புறம் ஏன்யா வெட்டினே?”

அவர் தலையைத் தூக்கிச் சுவர்த் திரையைப் பார்த்தார்.

“டெஸ்டர்தான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்.”